கோட்டில் ஒரு கோழிக்கால்

என் வீட்டுக்காரரின் கொள்ளுத்தாத்தா ஒரு கொலை செய்தவர் என்பது கல்யாணத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்கப் போன என் அப்பாவிடம் தெருவில் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்களாம்: "நல்ல குடும்பம்ங்க. குடி கிடையாது, சண்டை சச்சரவு கிடையாது, தையல்ல கைசுத்தம். ஒரே ஒரு கொலை, அதுவும் ரொம்ப நாளாச்சு." அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, குடிக்காத மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம் என்று சம்மதித்துவிட்டார்.

கொலை நடந்து நூறு வருடம் இருக்கும். நகராட்சி அலுவலகத்தின் மாடி அறையில் வரி அதிகாரி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துக் கிடந்தார். முதுகில் கூரான எதையோ இறக்கியிருந்தார்கள். கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. உடம்பில் ஒரு புதுக் கோட்டு. அளவு பார்ப்பதற்காகப் போடும் வெள்ளை ஓட்டுத் தையலைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் இந்த ஊரில் கோட்டு தைத்தது எங்கள் கடை ஒன்றுதான். ஆகவே கொன்றவர் எங்கள் தையல்காரர் என்றது பாதி ஊர். உள்ளே தாழ் போட்ட அறையிலிருந்து வெளியே வரத் தெரிந்தவன் பூட்டுக்காரன்தானே, ஆகவே எதிர்ச்சாரிப் பூட்டுக்கடைக்காரர் என்றது மீதிப் பாதி. போலீஸ் இரண்டு பேரையும் பிடித்தது, இரண்டு பேரையும் விட்டது. இரண்டு பேரும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் படுத்து நிம்மதியாகச் செத்தார்கள்.

அதன் பிறகு எங்கள் தையல்கடையும் எதிர்ப் பூட்டுக்கடையும் நேருக்கு நேர் நின்று "உங்க தாத்தாதான்", "இல்ல, உங்க தாத்தாதான்" என்று மூன்று தலைமுறையாகக் கத்திக்கொண்டிருந்தன. நான் இந்த வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட முதல் வேலை, கடை வாசலைப் பெருக்கும்போது குப்பையை எதிர்ப்பக்கம் தள்ளிவிடுவது. அந்த வீட்டம்மா அதைத் திரும்ப இந்தப் பக்கம் தள்ளுவார். எங்கள் தெருவில் குப்பை ஒருநாளும் குப்பைத்தொட்டிக்குப் போனதில்லை.

இந்தச் சண்டையை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாத ஒரே ஆள் என் மாமனார். அவர் எதிர்வீட்டைப் பழி சொல்ல மாட்டார். "அவங்க தாத்தாவா இல்லையான்னு எனக்குத் தெரியாது. எங்க தாத்தா இல்ல" என்பார், அவ்வளவுதான். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தாத்தாதான் அவருக்குச் சட்டைக்கு அளவெடுப்பாராம். அக்குளில் டேப்பைச் சுற்றும்போது பிள்ளைக்குச் சில்லென்று கூசக் கூடாது என்று, இரண்டு கையையும் நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் தொடுவாராம். "அந்தக் கையாம்மா குத்தும்?" என்று என்னிடம் கேட்பார். நான் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டே தலையாட்டுவேன். உண்மையைச் சொன்னால், குத்தியிருந்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. எனக்கு வேலை தலைக்குமேல் கிடந்தது.

அவர் வெறும் பாசத்தில் பேசவில்லை, கையில் ஒரு வாதமும் வைத்திருந்தார். எங்கள் வீட்டுத் தையலில் ஒரு பழக்கம் உண்டு. துணியை வெட்டியதும் முதல் வேலையாக, இடப்பக்க உள்மடிப்பில், அக்குளுக்கு நாலு விரல் கீழே, ஊசியால் மூன்று சின்னக் கோடுகள் இழுக்க வேண்டும். ஈர மண்ணில் கோழி நடந்த தடம் மாதிரி இருக்கும். அதற்குக் கோழிக்கால் என்று பெயர். ஆரம்பித்துவைத்தவர் அந்தக் கொள்ளுத்தாத்தாதான். கோழிக்கால் போடாமல் ஒரு கைக்குட்டைகூடக் கடையைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். கைக்குட்டைக்கு அக்குள் எங்கே இருக்கிறது என்று புதிதில் கேட்டு, வீட்டில் எல்லாருடைய முறைப்பையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

செத்தவர் போட்டிருந்த கோட்டு, அதே மாடி அறையில், நகராட்சி அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. மாமனார் சொன்னது இதுதான்: பெட்டியைத் திறந்து கோட்டின் உள்மடிப்பைப் பாருங்கள். கோழிக்கால் இல்லை என்றால் அது தாத்தா தைத்த கோட்டே இல்லை. வேறு எவனோ வெளியூர்க்காரன் தைத்தது. பிறகு தாத்தாவுக்கு அந்த அறையில் என்ன வேலை? இதை அவர் இளைஞராக இருந்த காலத்திலிருந்து வந்துபோன எல்லா அதிகாரிகளிடமும் கேட்டுப் பார்த்தார். ஒருவரும் திறக்கவில்லை. கடைசியாக இருந்தவர், "பெட்டியைத் திறந்தா உள்ள இருக்கிற தூசி கலைஞ்சிடும் பெரியவரே. அந்தத் தூசியும் சரித்திரம்தான்" என்று அனுப்பிவைத்தாராம்.

இப்படி இருந்த நேரத்தில்தான் சாலைப் பொறியாளர் டேப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அவர் டேப் பிடித்த லட்சணத்தைப் பார்த்தே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நுனியைத் தளர விட்டு அளந்தால் துணியும் வீணாகும், தெருவும் வீணாகும்.

"ரோடு அகலப்படுத்துறோம்மா. இந்தத் தெருவுல ரெண்டு கட்டடம்தான் மூக்கை நீட்டிக்கிட்டு நிக்குது. உங்களது ஒண்ணு, எதிர்ல பூட்டுக்கடை ஒண்ணு. ஏதாவது ஒண்ணை எடுத்தாப் போதும்."

"எதை?"

"அதான் இன்னும் முடிவாகல. இதுல கொலைகாரன் வீடு எதுவோ அது புராதனச் சின்னம். அதைத் தொடக் கூடாதுன்னு விதி இருக்கு."

"எங்க தாத்தா மேல சந்தேகம் இருக்குங்களே" என்றார் என் வீட்டுக்காரர் ஆசையாக.

"சந்தேகம் எல்லாம் செல்லாது சார். சந்தேகப்பட்டவர் வீடுன்னா இடிச்சிடுவோம். சந்தேகமே இல்லாம கொலைகாரரா இருக்கணும்."

இதைத் தீர்மானிக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள், அடுத்த வாரம் அந்த மாடி அறையிலேயே விசாரணை என்றார். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், அருங்காட்சியகக் காப்பாளரம்மா, மூன்றாவதாக இவரே. தோற்ற குடும்பத்துக்கு ஊர்க் கோடியில் நாலாவது மாடியில் வீடு தருவார்களாம், கீழே கடையும் தருவார்களாம்.

மறுநாள் காலையில் பூட்டுக்காரர் தெருவைத் தாண்டி எங்கள் கடைக்கு வந்தார். நான் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு அந்தக் குடும்பத்தின் கால் இந்தப் பக்கம் பட்டது அதுதான் முதல் தடவை.

"இத்தனை வருஷமா உங்க தாத்தா மேல அபாண்டமா பழி போட்டுட்டோம். தங்கமான மனுசன். எங்க தாத்தாதான் அந்த ஆளைக் கொன்னாரு. மன்னிச்சிடுங்க" என்றார். அவர் கண்ணில் தண்ணீர்கூட நின்றது.

என் வீட்டுக்காரர் விடுவாரா? "சேச்சே, உங்க தாத்தா ஒரு எறும்பைக்கூட மிதிச்சிருக்க மாட்டாரு. நாங்கதாங்க கொன்னது. பாவி மனுசன், எங்க கொள்ளுத்தாத்தா."

இருவரும் ஒருவர் தாத்தாவை ஒருவர் வாய் கொள்ளாமல் புகழ்ந்து, அது கைகலப்பு வரைக்கும் போய், நான் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு நடுவில் நின்று பிரித்துவிட்டேன்.

எனக்கு மட்டும் அந்த வீடு வேண்டாமா? வேண்டும். வெட்டுமேசை சுவரோடு சேர்த்துக் கட்டியது, பெயர்த்துக்கொண்டு போக முடியாது. அதைவிட முக்கியம் மாமனார். அவருக்கு ஒரு கண் முழுக்கப் போய்விட்டது, இன்னொன்றில் பகல் வெளிச்சம் இருந்தால் ஏதோ தெரியும். இந்த வீட்டில் அவர் சுவரைத் தொட்டுக்கொண்டே எங்கேயும் போவார். எந்தப் படி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அவர் காலுக்குத் தெரியும். நாலாவது மாடிப் புது வீட்டில் கொண்டுபோய் வைத்தால் கட்டிலை விட்டு இறங்க மாட்டார். ஆகவே கொள்ளுத்தாத்தா கொன்றே ஆக வேண்டும் என்று நானும் முடிவு செய்தேன்.

அதன் பிறகு ஒரு வாரம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. என் வீட்டுக்காரர் துணி மாட்டும் பொம்மையை நாற்காலியில் உட்காரவைத்து, பின்னாலிருந்து வந்து வந்து குத்திப் பழகினார். முதல் முறை, துணி கிழியாமல் குத்த ஓர் இடம் தேடிக்கொண்டு நின்றார்.

"என்னங்க பண்றீங்க?"

"நல்ல துணிம்மா இது. மனசு வரல."

"கொலைகாரன் பேரன்னு சொல்லிக்க வெக்கமா இல்ல? குத்துங்க!"

கொலைக்குக் காரணம் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அதை நான்தான் கண்டுபிடித்தேன். வரி அதிகாரி தோள்பட்டை சரியில்லை என்று அந்தக் கோட்டை மூன்று தடவை பிரித்துத் தைக்கச் சொல்லியிருப்பார். மூன்றாவது தடவை எந்தத் தையல்காரரும் குத்துவார். எனக்கே பல வாடிக்கையாளர்களின் முகம் வந்து போனது.

மாமனார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் மெதுவாக, "அவர் செய்யலைம்மா" என்றார்.

எனக்கு அன்றைக்கு மூன்று சட்டை பாக்கி. எரிச்சலில் சொன்னேன்: "செத்தவருக்குப் பேரு எதுக்கு மாமா? உயிரோட இருக்கிறவங்களுக்கு வீடு வேணும்."

அவர் ரொம்ப நேரம் வெட்டுமேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "விசாரணை அன்னிக்கு அந்தக் கோட்டுப் பெட்டியைத் திறக்கிறாங்கல்ல?" என்று கேட்டார்.

"ஆமா. கோழிக்கால் இருக்கான்னு பாக்கப் போறாங்களாம். இருந்தா நம்ம தாத்தாதான். இல்லைன்னா வீடு போச்சு."

"அப்ப நானும் வரேன்" என்றார்.

என் வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பா வந்தால் காரியம் கெட்டுப்போகும், கோழிக்கால் இல்லை என்றால் சந்தோஷத்தில் கத்திவிடுவார் என்று பயந்தார். நானும் பயந்தேன். ஆனால் ஆயுள் முழுக்க அந்தப் பெட்டி திறக்குமா என்று காத்திருந்த மனிதரை, அது திறக்கிற அன்றைக்கு வீட்டில் வைத்துப் பூட்ட எனக்கு மனசு வரவில்லை.

விசாரணை அன்று காலை வழக்கம்போல அவருக்கு ஊசி கோத்துக் கொடுத்தேன். வெளியே கிளம்பினால் சட்டைக் காலரின் உள்பக்கம் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருக்க வேண்டும் அவருக்கு. போகிற இடத்தில் யாருக்காவது பட்டன் அறுந்திருக்கும் என்பார். கண் போனதிலிருந்து கோத்துக் கொடுப்பது என் வேலை. எப்போதும் வெள்ளை நூல்தான். அன்றைக்குப் பழைய நூல்கண்டு டப்பாவைக் கவிழ்த்துத் தேடி, சாயம் போன பழுப்பு நூல் ஒன்றை ஜன்னலில் காட்டிப் பார்த்து, "இதைக் கோத்துக் குடும்மா" என்றார். அவசரத்தில் ஏன் என்று கேட்கவில்லை.

மாடி அறையில் எல்லாம் கொலை நடந்த அன்று இருந்தபடியே வைத்திருந்தார்கள். மேசை, நாற்காலி, ஒற்றை ஜன்னல், கனமான கதவு, அதில் ஒரு பெரிய இரும்புத் தாழ்ப்பாள். நீதிபதி உள்ளே வந்ததும் யாரும் சொல்லாமலே செத்தவரின் நாற்காலியில் உட்கார்ந்தார். பதவி போன பிறகு அவரை யாரும் உயரமான நாற்காலியில் உட்காரவைக்கவில்லை போலிருக்கிறது, முகம் மலர்ந்துவிட்டது.

"குற்றம் சாட்டுறது யாரு?" என்றார்.

என் வீட்டுக்காரரும் பூட்டுக்காரரும் ஒன்றாகக் கையைத் தூக்கினார்கள்.

"யார் மேல?"

"எங்க தாத்தா மேல" என்றார் பூட்டுக்காரர். "எங்க கொள்ளுத்தாத்தா மேல" என்றார் என் வீட்டுக்காரர்.

"எதிர்த்து வாதாட யாரு இருக்கா?"

ஒரு கையும் எழவில்லை. நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருஷம் நீதிபதியா இருந்தேன். இப்படி ஒரு நல்ல வழக்கு எனக்கு வரல" என்றார் நீதிபதி மனம் நெகிழ்ந்து.

என் வீட்டுக்காரர் தோள்பட்டைக் கதையைச் சொன்னார். மூன்று தடவை பிரித்துத் தைத்தது என்றதும் நீதிபதி, தன் கல்யாணக் கோட்டுக்கு அதே மாதிரி நான்கு தடவை நடந்ததாகவும், தையல்காரர் கண்ணில் கொலைவெறி இருந்ததைத் தானே பார்த்ததாகவும் சொல்லி, காரணம் போதுமானது என்று ஏற்றுக்கொண்டார். பூட்டுக்காரர், தன் தாத்தா செய்த பூட்டைக் கொண்டை ஊசியால் திறக்கலாம் என்று வரி அதிகாரி நாலு பேர் முன்னால் கேலி செய்தார் என்றார். அதுவும் போதுமானது என்றார் நீதிபதி. பொறியாளர் நடுநடுவே ஜன்னல் வழியாக எட்டி எங்கள் தெருவின் அகலத்தைப் பார்த்துக்கொண்டார்.

பிறகு காப்பாளரம்மா கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு கோட்டை எடுத்து மேசையில் கிடத்தினார். மாமனாரிடம் வெள்ளைக் கையுறை ஒன்றைக் கொடுத்து, "பெரியவரே, அந்த அடையாளம் எங்க இருக்கும்னு நீங்கதான் காட்டணும்" என்றார்.

"வெளிச்சம் வேணும்மா. ஜன்னல்கிட்ட உக்காந்து பாக்கிறேன்" என்று கோட்டை வாங்கிக்கொண்டு போனார் மாமனார். கைக்குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கினார்.

பூட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. கோழிக்கால் இருந்துவிட்டால் அவர் கதை முடிந்தது. "அதுக்கு முன்னாடி என் சாட்சியத்தைப் பாருங்க. வெளியில இருந்துக்கிட்டே உள்பக்கத் தாழ்ப்பாளை எப்படிப் போடலாம்னு இப்பவே செஞ்சு காட்டுறேன். எங்க தாத்தா எங்க அப்பாவுக்குச் சொன்னது, எங்க அப்பா எனக்குச் சொன்னது."

"பேஷ். நான் பிணமா இருக்கேன்" என்று நீதிபதி நாற்காலியில் தலையைத் தொங்கப்போட்டார்.

குழுவும் மாமனாரும் உள்ளே இருக்க, வெளியே சாட்சியாக நான், என் வீட்டுக்காரர், பூட்டுக்காரரின் வீட்டம்மா மூன்று பேரும் நின்றோம். பூட்டுக்காரர் ஒரு கம்பியை வளைத்துத் தாழ்ப்பாளில் மாட்டி, கதவிடுக்கு வழியாக வெளியே கொண்டுவந்தார். கதவைப் படீர் என்று இழுத்துச் சாத்திவிட்டுக் கம்பியைச் சுண்டினார். உள்ளே தாழ் விழும் சத்தம் கேட்டது. கம்பி உருவிக்கொண்டு கையோடு வந்துவிட்டது.

"பாத்தீங்களா!" என்று அவர் கூத்தாடினார். "எங்க தாத்தாதான்! சந்தேகமே இல்ல!"

"நிரூபணம் ஆயிடுச்சு. இப்போ திறங்க" என்றது பிணத்தின் குரல்.

தாழ்ப்பாள் திறக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் இழுத்துப் பார்த்தார்கள். வெளியே பூட்டுக்காரர் கம்பியை விட்டுக் கிண்டிப் பார்த்தார். நூறு வருடத்துத் துருவில் அது வசமாக மாட்டிக்கொண்டது. உள்ளே பொறியாளர், எனக்கு மூடின இடம் ஆகாது, என் சம்சாரத்துக்கு ஃபோன் போடுங்க என்று அலற ஆரம்பித்தார். காப்பாளரம்மா கதவைத் தட்டினார். நீதிபதி கதவை நோக்கி, "அமைதி, அமைதி" என்று கத்தினார். பூட்டுக்காரருக்கு வேர்த்து ஊற்றியது.

அவருடைய வீட்டம்மா என் காதருகே வந்து, "புது வீட்ல லிஃப்ட் இருக்காம்டி. நாங்க தோத்துட்டா நல்லாத்தான் இருக்கும்" என்றார். அந்த அம்மா என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

நான் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். இடையிடையே பொறியாளரின் வயிறு வந்து மறைத்தது. அது விலகியபோது ஜன்னலும், அதன் பக்கத்தில் மாமனாரின் முதுகும் தெரிந்தன. எல்லாரும் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவர் மட்டும் திரும்பியே பார்க்காமல், கோட்டை மடியில் போட்டுக்கொண்டு நன்றாகக் குனிந்து உட்கார்ந்திருந்தார். தோள் லேசாக அசைந்துகொண்டிருந்தது. ஐயோ பாவம், கோழிக்கால் இருந்திருக்கிறது, அதைப் பார்த்து மனிதர் அழுகிறார் என்று நினைத்தேன். 

கடைசியில் பொறியாளர் பயத்தில் கதவின் மேல் பாய்ந்தார். அந்த அதிர்ச்சியில் தாழ்ப்பாள் தானாகவே எகிறித் திறந்தது. நீதிபதி அதைக் கூர்ந்து கவனித்தார். கம்பி எதுவும் இல்லாமல் கதவைப் படீர் என்று சாத்தினார். தாழ் தானாக விழுந்தது. மறுபடியும் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். மறுபடியும் பொறியாளர் பாய வேண்டியிருந்தது. நீதிபதிக்குத் திருப்தி வராமல் இன்னொரு தடவையும் சாத்திப் பார்த்தார். மூன்றாவது பாய்ச்சலில் பொறியாளரின் சட்டைப் பட்டன்கள் இரண்டு தெறித்துவிட்டன.

"ஆக, இந்தக் கதவைக் கோவமா சாத்திட்டுப் போனா யார் போனாலும் உள்ள தாழ் விழுந்துடும்" என்றார் நீதிபதி. "பூட்டுக்காரர் தேவையே இல்ல. உங்க தாத்தா நிரபராதி."

பூட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். நிரபராதி என்று தீர்ப்பு வந்ததற்கு இப்படி அழுத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. அவர் வீட்டம்மா மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரும்பி நின்றார்.

"பெரியவரே, உங்க விஷயம்?"

மாமனார் எழுந்து வந்து கோட்டை மேசையில் வைத்தார். இடப்பக்க உள்மடிப்பைப் புரட்டினார். காப்பாளரம்மா பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தார். அக்குளுக்கு நாலு விரல் கீழே மூன்று சின்னக் கோடுகள், சாயம் போன பழுப்பு நூலில்.

"இருக்கு!" என்று கூவினார் காப்பாளரம்மா. "நூறு வருஷமாகியும் எப்படி அப்படியே இருக்கு பாருங்க!"

"உங்க தாத்தா தைச்சதுதானா?" என்று நீதிபதி கேட்டார். "நல்லா யோசிச்சு சொல்லுங்க. இதுக்கப்புறம் சரித்திரத்துல மாத்த முடியாது."

மாமனார் புரட்டிய மடிப்பைப் பழையபடி நீவிவிட்டார். என் வீட்டுக்காரர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வீட்டுத் தையல்தாங்க" என்றார் மாமனார்.

அதோடு முடிந்தது. கொள்ளுத்தாத்தா சந்தேகத்துக்கு இடமில்லாமல் கொலைகாரர் ஆனார். என் வீட்டுக்காரர் துள்ளிக் குதித்தார். பொறியாளர் எங்கள் வீட்டு வாசலில் மாட்டப்போகும் பலகைக்கு அளவெடுக்க நாளைக்கே வருவதாகச் சொன்னார். வரும்போது டேப்பை இழுத்துப் பிடித்து அளக்கச் சொல்லி அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் தெரு முழுக்கச் செய்தி சொல்லப் போய்விட்டார். மாமனார் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சுவரைத் தொட்டபடி தன் நாற்காலிக்கு நடந்தார். எனக்கு மனசு லேசாக இருந்தது. இந்தச் சுவர் எங்கேயும் போகாது, இவர் கை எப்போதும் இதைத் தொட்டுக்கொண்டிருக்கும் என்று நினைத்தபடி, வழக்கம்போல அவர் சட்டைக் காலரிலிருந்து ஊசியை எடுத்துப் பஞ்சில் குத்தி வைக்கப் போனேன்.

ஊசியில் நூல் இல்லை. காதில் நகக்கண் அளவுக்கு ஒரு துணுக்குப் பழுப்பு நூல்தான் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் நான் ஒரு முழ நூல் கோத்துக் கொடுத்திருந்தேன். பொறியாளரின் பட்டன் இரண்டு தெறித்ததை நான் பார்த்தேன், ஆனால் அவர் திறந்த சட்டையோடுதான் வீட்டுக்குப் போனார். அவருக்கு யாரும் பட்டன் தைக்கவில்லை. சட்டைப் பையில் அந்த வெள்ளைக் கையுறை, கையே நுழையாமல் மடித்தது மடித்தபடி இருந்தது.

நான் அப்படியே வெட்டுமேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோட்டில் கோழிக்கால் இருக்கவில்லை. அவர் தாத்தா அதைத் தைக்கவில்லை, யாரையும் கொல்லவில்லை. ஆயுள் முழுக்க அவர் சொல்லிக்கொண்டிருந்தது சரி. அதை விரலால் தடவித் தெரிந்துகொண்ட அதே இடத்தில், பக்கத்தில் மூன்று பேர் கத்திக்கொண்டிருக்க, தன் கையாலேயே மூன்று கோடு இழுத்து அதை இல்லாமல் ஆக்கிவிட்டு வந்திருக்கிறார். கோழிக்கால் இருக்காது என்று காலையிலேயே அவருக்கு அவ்வளவு நிச்சயம். இல்லையென்றால் அந்த நூலைத் தேடி எடுத்திருக்க மாட்டார். செத்தவருக்குப் பேர் எதற்கு என்று கேட்ட என் வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மாமா" என்றேன். "நீங்க தொட்டுப் பாத்தப்போ அதுல கோழிக்கால் இருந்துச்சா?"

அவர் என் குரல் வந்த பக்கம் திரும்பினார். இரண்டு கையையும் மெதுவாக ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் கோணிப்போச்சும்மா" என்றார். "அந்த ஜன்னல்ல வெளிச்சம் பத்தல. தாத்தா பாத்திருந்தா, பிரிச்சுட்டு மறுபடி போடுடான்னு சொல்லியிருப்பாரு."